பூட்டு முன்கதவில், சாவி லொக் புத்தகத்தில்

கடைக்குக் கணினி வாங்கும்போதும், பில் போடும் மென்பொருளுக்கு ஓர்டர் கொடுக்கும்போதும் எமது வர்த்தகர்கள் பாதுகாப்பைப் பற்றி மூன்று கேள்விகளைத் தவறாமல் கேட்கிறார்கள். பாஸ்வேர்ட் இருக்கிறதா, வைரஸ் கார்ட் போட்டாயிற்றா, பெக்அப் எடுக்கிறதா என்பனவே அவை. மூன்றும் நல்ல கேள்விகள்தான். ஆனால் நான்காவது கேள்வியொன்றை இதுவரை எந்த முதலாளியும் கேட்டு நான் அறியவில்லை. "தம்பி, இந்த சொப்ட்வெயார் தன்ட லொக்ல என்னவெல்லாம் எழுதுது?" என்பதே அது. இந்த வாரம் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

லொறி வைத்திருப்பவர்களுக்கு லொக் புத்தகம் புதிதல்ல. எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எங்கே நிறுத்தியது, எவ்வளவு டீசல் அடித்தது என்று சாரதி எழுதி வைப்பார். மென்பொருளும் இதையே செய்கிறது. காலை 9.14க்கு இரண்டாம் காஷியர் உள்ளே வந்தார், 9.16க்கு பில் அச்சாகியது, 9.17க்கு வங்கியிலிருந்து பதில் வரவில்லை என்று ஒவ்வொரு வரியாகத் தன்பாட்டில் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும். கடையில் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. பெருநாள் சீசனில் கடை நிரம்பி வழியும் நேரம் பில் மெஷின் நின்றுவிட்டால், மென்பொருள் எழுதியவர் முதலில் தேடுவது இந்தக் கோப்பைத்தான். லொக் இல்லாவிட்டால் பழுது பார்ப்பவர் இருட்டில் துழாவ வேண்டியதுதான். ஆகவே லொக் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை.

என் கவலை அதில் எழுதப்படும் சங்கதிகளைப் பற்றியது. மென்பொருள் எழுதுபவர் ஒரு பிழையைப் பிடிப்பதற்காக, "உள்ளே வருவதையெல்லாம் அப்படியே எழுது" என்று ஒரு வரி போட்டுவிடுவார். அவருக்கு அது இலகு. ஆனால் உள்ளே வருவதில் காஷியர் தட்டிய கடவுச்சொல் இருக்கும். வாடிக்கையாளரின் கையடக்கத் தொலைபேசிக்குப் போன ஓடிபி இலக்கம் இருக்கும். அட்டை இலக்கம் இருக்கலாம். வங்கியின் பணப்பரிமாற்ற வாசலோடு உங்கள் கடையை இணைக்கும் இரகசியச் சாவியும் இருக்கலாம். பிழை திருத்தப்பட்டுவிடும். அந்த ஒற்றை வரியை எடுத்துவிட மறந்துபோகும். பிறகு வருடக்கணக்கில் மென்பொருள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருக்கும்.

இது நாட்டுப்புறத்துப் பொடியன்கள் செய்யும் வேலை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். உலகின் மிகப்பெரிய கொம்பனிகளிலேயே நடந்த விடயம்.

2018ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் திகதி, அப்போது டுவிட்டர் என்ற பெயரில் இயங்கிய நிறுவனம் தன் பாவனையாளர்களிடம் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டது. பாவனையாளர் தொகை அப்போது 330 மில்லியனுக்கு மேல். டுவிட்டர் கடவுச்சொற்களை முறையாகவே பாதுகாத்து வந்தது. அந்த முறையை விளங்கிக்கொள்ள மிளகாய் மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். மிளகாயைத் தூளாக்கலாம், தூளை மீண்டும் மிளகாயாக்க முடியாது. நல்ல மென்பொருள் நீங்கள் கொடுக்கும் கடவுச்சொல்லை அரைத்து, தூளை மட்டுமே களஞ்சியத்தில் வைக்கிறது. அடுத்த முறை நீங்கள் வரும்போது தட்டியதை மீண்டும் அரைத்து இரண்டு தூளும் ஒன்றா என்று பார்க்கிறது. ஒவ்வொருவருடைய கடவுச்சொல்லோடும் வேறு வேறு பிடி ஒன்றைச் சேர்த்து அரைப்பதும் உண்டு. ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே உப்புத்தான். டுவிட்டர் பாவித்த பிகிரிப்ட் என்ற முறையில் இவையெல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆனால் அரைத்து முடிவதற்கு முன்னரே, முழு மிளகாயாக, கடவுச்சொல் உள்ளக லொக் ஒன்றில் எழுதப்பட்டுக் கொண்டிருந்தது. களஞ்சியத்துக்கு இரும்புக் கதவு போட்டுவிட்டு, வாசலில் நின்ற கணக்குப்பிள்ளையின் குறிப்புக் கொப்பியைக் கவனிக்காமல் விட்டதுபோல. வெளியார் எவரும் எடுத்ததற்கான அறிகுறி இல்லை என்றும் டுவிட்டர் சொல்லியது. அதற்கு ஓரிரு நாட்களுக்கு முன்னர்தான் மென்பொருள் எழுதுபவர்களே கூடும் இடமான கிட்ஹப் நிறுவனமும், சிறு தொகைப் பாவனையாளர்களின் கடவுச்சொற்கள் தன் உள்ளக லொக்கில் அப்படியே எழுதப்பட்டுவிட்டதாக அறிவித்திருந்தது.

பேஸ்புக்கின் கதை இதைவிடப் பெரியது. 2019 மார்ச் மாதம் பிரையன் கிரெப்ஸ் என்ற அமெரிக்க ஊடகவியலாளர் அதை வெளிக்கொண்டு வந்தார். அவர் எழுதியதன்படி 200 மில்லியனுக்கும் 600 மில்லியனுக்கும் இடைப்பட்ட பாவனையாளர்களின் கடவுச்சொற்கள் வாசிக்கக்கூடிய எழுத்தில் உள்ளக லொக்குகளில் கிடந்தன. சில 2012ஆம் ஆண்டிலிருந்தே அங்கே இருந்தன. 20,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள் அவற்றைத் தேடிப் பார்க்க முடிந்தது. ஜனவரி மாதம் வழமையான பாதுகாப்புப் பரிசோதனை ஒன்றில் இது தென்பட்டது என்றும், நூற்றுக்கணக்கான மில்லியன் பேஸ்புக் லைட் பாவனையாளர்கள் இதில் அடங்குவர் என்றும் பேஸ்புக் ஒப்புக்கொண்டது. ஆரம்பத்தில் பல்லாயிரம் என்று சொல்லப்பட்ட இன்ஸ்டகிராம் பாவனையாளர் தொகை, அடுத்த மாதம் மில்லியன் கணக்கில் என்று திருத்தப்பட்டது.

அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணைக்குழு இதை விசாரித்து, 2024 செப்டெம்பரில் மெட்டா நிறுவனத்துக்கு 91 மில்லியன் யூரோ தண்டப்பணம் விதித்தது. அந்தக் கடவுச்சொற்கள் வெளியாருக்குக் கிடைக்கவில்லை. ஒருவருடைய பணமும் பறிபோனதாகச் சொல்லப்படவில்லை. பாதுகாப்பில்லாமல் வைத்திருந்தது, உரிய நேரத்தில் ஆணைக்குழுவுக்கு அறிவிக்காதது, நடந்ததை முறையாக ஆவணப்படுத்தாதது ஆகிய குறைகளுக்கே அவ்வளவு பெரிய தொகை. "திருட்டுப் போகவில்லையே, பிறகென்ன?" என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

"அதெல்லாம் பெரிய கொம்பனிகள், என் கடையை யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" என்று இரண்டாம் குறுக்குத்தெருவில் புடவைக்கடை வைத்திருப்பவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் என் அபிப்பிராயத்தில் சிறிய கடைக்குத்தான் ஆபத்து கூட. பேஸ்புக்கின் லொக் பேஸ்புக்குக்குள்ளேயே கிடந்தது. எங்கள் கடை லொக் ஊர் சுற்றுகிறது.

மொத்த வியாபாரக் கடையொன்றில் ஒரு மாலை நேரம் நான் இருந்தபோது பில் மென்பொருள் நின்றுவிட்டது. முதலாளி, மென்பொருள் கொடுத்த இடத்துக்கு அழைப்பெடுத்தார். அங்கிருந்த பையன் மிக மரியாதையாகவே பேசினான். "ஹாஜியார், ஒண்டும் யோசிக்காதீங்க. அந்த லொக் பைல வட்ஸ்அப்ல போடுங்க, நாங்க பாத்துச் சொல்றோம்" என்றான். அனுப்புவதற்கு முன் அதைத் திறந்து பார்க்கலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். பத்து நிமிடம் தேவைப்படவில்லை. அன்றைக்கு உள்ளே வந்த ஒவ்வொரு காஷியருடைய கடவுச்சொல்லும், முதலாளியுடையதும், வாடிக்கையாளர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் சேவையின் பெயரும் கடவுச்சொல்லும் வரிவரியாக இருந்தன. முதலாளி தன் ஈமெயிலுக்கும் அதே கடவுச்சொல்லைத்தான் பாவித்து வந்தார் என்பது அவருடைய முகத்தைப் பார்த்ததும் விளங்கியது.

அந்தக் கோப்பு வட்ஸ்அப்பில் போயிருந்தால் பையனுடைய தொலைபேசிக்குப் போயிருக்கும். அங்கிருந்து அவர்களுடைய குழுமத்துக்கு. அந்தக் குழுமத்தில் ஆறு மாதத்துக்கு முன் வேலையை விட்டுப் போனவரும் இருக்கலாம். பையன் நல்லவன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவனுடைய தொலைபேசி நாளை பஸ்ஸில் தொலைந்தால் அதை எடுப்பவர் யார் என்பதுதான் கேள்வி.

இதே வழியாகத்தான் 2023இல் ஒக்டா என்ற அமெரிக்க நிறுவனம் அடிபட்டது. மற்றக் கொம்பனிகளின் ஊழியர்கள் உள்ளே நுழைவதைச் சரிபார்ப்பதே ஒக்டாவின் தொழில். வாடிக்கையாளருக்குப் பிரச்சினை வந்தால், தங்கள் உலாவியில் நடந்ததைப் பதிவு செய்த கோப்பை உதவிப் பிரிவுக்கு அனுப்புமாறு கேட்பார்கள். அந்தக் கோப்பில், ஏற்கனவே உள்ளே நுழைந்தவருக்குக் கொடுக்கப்படும் டோக்கன் இருக்கும். அது கைக்கு வந்தால் கடவுச்சொல்லே தேவையில்லை. வைத்தியசாலையில் இன்னொருவருடைய நம்பர் துண்டோடு உள்ளே போவதுபோல் போய்விடலாம். ஒக்டா ஊழியர் ஒருவர் கம்பனி மடிக்கணினியில் தன் சொந்த கூகுள் கணக்கில் இருந்தபோது, உதவிப் பிரிவுக் கணக்கொன்றின் பெயரும் கடவுச்சொல்லும் அங்கே சேமிக்கப்பட்டிருந்தன. திருடர்கள் அந்தக் கணக்கைப் பாவித்துள்ளே போய், 134 வாடிக்கையாளர்களின் கோப்புகளைத் தொட்டார்கள். அவற்றில் கிடைத்த டோக்கன்களைக் கொண்டு ஐந்து வாடிக்கையாளர்களின் கணக்குகளுக்குள் நுழைந்தார்கள். கிளவுட்பிளெயாரும், கடவுச்சொற்களைப் பூட்டிவைக்கும் பெட்டியையே விற்கும் வன்பாஸ்வேர்ட்டும் அந்த ஐந்தில் அடக்கம். விழிப்பான கொம்பனிகள் என்பதால் அவை நடந்ததைக் கண்டுகொண்டன. எங்கள் கடையில் கண்டுகொள்ள யார் இருக்கிறார்கள்?

திருடனை விட்டுவிடுவோம். வர்த்தகர்கள் அதிகம் யோசிக்காத, என்னை அதிகம் உறுத்தும் விடயம் ஒன்று உண்டு. கடைகளில் பில் அடித்து, காசை வாங்கி, பிறகு பில்லை ரத்துச் செய்து காசை எடுத்துக்கொள்ளும் மோசடி எல்லோருக்கும் தெரிந்ததே. மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது ரத்தான பில்கள் ஒரு காஷியருடைய பெயரில் கிடக்கின்றன. முதலாளி பையனைக் கூப்பிடுகிறார். பையன் "நான் செய்யல்ல" என்கிறான். "கொம்பியூட்டர் பொய் சொல்லுமா?" என்கிறார் முதலாளி. பையனுடைய வேலை போகிறது. ஊரில் பெயரும் போகிறது.

அந்தப் பையனுடைய கடவுச்சொல் லொக் கோப்பில் எழுதப்பட்டிருந்தால், அந்தக் கோப்பு கடையின் எல்லாக் கணினிகளிலிருந்தும் திறக்கக்கூடிய இடத்தில் கிடந்தால், அவனுடைய பெயரில் உள்ளே நுழைய எவராலும் முடியும். அப்படியானால் அந்தக் கணினிப் பதிவை வைத்து யாரைக் குற்றம் சொல்வது? யார் எப்போது என்ன செய்தார் என்பதற்குச் சாட்சியாக இருக்கத்தான் லொக் வைக்கிறோம். அதற்குள் கடவுச்சொல்லையும் எழுதிவைத்தால், குற்றம் செய்தவனுக்கும் தப்பிக்க வழி கிடைக்கிறது, செய்யாதவன் மாட்டிக்கொள்ளவும் வழி திறக்கிறது. இப்படி விலக்கப்பட்ட பையன்களில் நிரபராதி எவருமே இல்லை என்று துணிந்து சொல்ல என்னால் முடியாது.

இனி, கடவுச்சொல் லொக்கில் எழுதப்படுவது எப்போதும் மென்பொருள்காரரின் சோம்பலால் மட்டுமல்ல. அவசரத்தில் காஷியர் பெயர் தட்ட வேண்டிய பெட்டியில் கடவுச்சொல்லைத் தட்டிவிடுகிறார். மென்பொருள் உடனே "இந்தப் பெயரில் ஒருவரும் இல்லை" என்று அந்தச் சொல்லையே லொக்கில் எழுதி வைக்கிறது. அடுத்த வரியில் அதே ஆள் சரியான பெயரோடு உள்ளே வருகிறார். இரண்டு வரியையும் சேர்த்து வாசிப்பவருக்குப் பெயரும் கடவுச்சொல்லும் கிடைத்துவிட்டன. இதுபோல, குறுஞ்செய்திச் சேவைகள் சிலவற்றுக்குப் பெயரும் கடவுச்சொல்லும் இணைய முகவரியின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு போகின்றன. இணைய சேர்வர்கள் பொதுவாகத் தமக்கு வரும் முகவரியை வாலோடு சேர்த்து எழுதி வைப்பவை. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதல்ல, ஆனால் சாவி புத்தகத்தில் ஏறிவிடுகிறது.

அட்டை வியாபாரம் செய்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அட்டைக் கொம்பனிகளின் பாதுகாப்பு விதிகளின்படி, வங்கி அனுமதி கொடுத்த பிறகு அட்டையின் பின்புறத்து மூன்று இலக்கத்தைக் கடைக்காரர் வைத்திருக்கவே கூடாது, மறைகுறியாக்கினாலும் கூடாது. லொக்கில் கிடப்பதும் வைத்திருப்பதுதான். பில்லைத் தேடிப் பிடிக்க அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள் தாராளமாகப் போதும்.

மென்பொருள் செய்யும் தம்பிமார்களிடம் இதைச் சொன்னால், "அப்ப பிழை வந்தா எப்பிடிக் கண்டுபிடிக்கிற?" என்பார்கள். பிழையைக் கண்டுபிடிக்கக் கடவுச்சொல் என்னவென்று தெரியத் தேவையில்லை. வந்ததா இல்லையா, பொருந்தியதா இல்லையா என்ற இரண்டும் போதும். வேறு சிலர், "பாஸ்வேர்ட் எண்டு இருக்கிறத மறைச்சு எழுத வெச்சிருக்கோம்" என்பார்கள். அது அரைகுறை வேலை. ஒரு இடத்தில் பாஸ்வேர்ட் என்றிருக்கும், இன்னொரு இடத்தில் பின் என்றும், மூன்றாவது இடத்தில் சீக்ரட் என்றும் இருக்கும். மறைக்க வேண்டியவற்றின் பட்டியலில் ஏதாவதொன்று எப்படியும் விடுபடும். கேட்க வேண்டியது மறுபக்கப் பட்டியல். நேரம், பில் இலக்கம், காஷியர் இலக்கம், வேலை முடிந்ததா என்பது ஆகியவை எழுதலாம், இதில் இல்லாத எதையும் எழுதக்கூடாது. களஞ்சியத்திலிருந்து அனுமதிச் சீட்டில் உள்ள சாமான் மட்டுமே வெளியே போகலாம் என்று நாங்கள் வைத்திருக்கும் அதே ஒழுங்குதான்.

தம்பிமார்களுக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மூன்று இடத்தில் விலை கேட்டு, ஆகக் குறைந்ததைப் பிடித்து, அதிலும் கழித்து, இரண்டு வாரத்தில் வேலை முடிய வேண்டும் என்று நிற்பது நாங்கள்தான். அந்த விலைக்கு லொக்கை யார் உட்கார்ந்து வாசிப்பார்கள்? இரும்புக் கதவுக்கு ஒரு இலட்சம் செலவழிக்கத் தயங்காதவர், மென்பொருளில் இந்தப் பரிசோதனைக்கு ஒரு நாள் கூலி அதிகம் கேட்டால் முகம் சுளிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டமும் மெதுவாக வந்துகொண்டிருக்கிறது. எமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதன் முக்கிய கடப்பாடுகள் அமுலுக்கு வரவிருந்த 2025 மார்ச் மாதத் திகதி தள்ளிப்போடப்பட்டது. தள்ளிப்போடப்பட்டதால் மறந்துவிடலாம் என்று எண்ணுவது புத்திசாலித்தனமல்ல. ஒவ்வொரு மீறலுக்கும் 10 மில்லியன் ரூபா வரை தண்டப்பணம் விதிக்க அந்தச் சட்டத்தில் இடம் வைக்கப்பட்டது. வாடிக்கையாளரின் தரவை உங்களுக்காக வேறொருவர் கையாண்டாலும் உங்கள் பொறுப்பு கழன்றுவிடாது என்பதும் அதன் அடிப்படை.

இதைப் பரிசோதிக்க நிபுணர் தேவையில்லை. கடை மூடிய பிறகு, வேறு எங்கும் வராத ஒரு விசித்திரமான சொல்லைத் தற்காலிகக் கடவுச்சொல்லாக வைத்து மென்பொருளுக்குள் ஒரு தடவை நுழையுங்கள். ஒரு தடவை வேண்டுமென்றே பிழையாகத் தட்டுங்கள். இன்னொரு தடவை அதைப் பெயர்ப் பெட்டியில் தட்டுங்கள். பிறகு மென்பொருள்காரரை உங்கள் பக்கத்தில் உட்கார வைத்து, எல்லா லொக் கோப்புகளிலும் பெக்அப்பிலும் அந்தச் சொல்லைத் தேடச் சொல்லுங்கள். அகப்படாவிட்டால் நல்லது. மென்பொருள் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அதையே திரும்பச் செய்யுங்கள்.

அகப்பட்டால், அழித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகாதீர்கள். அதன் பிரதி எங்கெல்லாம் போயிருக்கிறதென்று உங்களுக்குத் தெரியாது. முதலில் எல்லோருடைய கடவுச்சொற்களையும், வங்கி வாசலின் சாவியையும், குறுஞ்செய்திச் சேவையின் சாவியையும் மாற்றுங்கள். அடுத்து அந்த வரியை எழுதும் இடத்தை மென்பொருளில் திருத்த வையுங்கள். அதற்குப் பிறகுதான் அழிப்பு. அழிக்கும்போது கடைக் கணினியோடு நின்றுவிடாமல், பெக்அப் எடுத்த பென்டிரைவையும், மென்பொருள்காரருக்கு முன்னர் அனுப்பிய கோப்புகளையும், போன வருடம் மாற்றிவிட்டு மேல்மாடியில் போட்டிருக்கும் பழைய கணினியையும் தேடிப் பாருங்கள்.